இந்த வசனம் அவளுக்கு

வேதம் வாசிக்கும் பெண்மணிகளில் பல ரகம் உண்டு. ஜனவரி முதல் தேதி உலகம் உண்டான இடத்தில் உற்சாகமாகப் புறப்பட்டு, பிப்ரவரிக் கடைசியில் பலிபீடத்தின் நீள அகலத்தில் சிக்கி மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த வரியைத் தேவசித்தம் என்று எடுத்துக்கொண்டு, அது பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை விரலை வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாம் பார்க்கப்போவது மூன்றாவது ரகம். இவர் ஒரு நாள் தவற மாட்டார், ஒரு வரி விடமாட்டார். ஆனால் தனக்காக வாசிக்கவே மாட்டார். அவ்வளவும் அடுத்தவர்களுக்காக! எப்பேர்ப்பட்ட தியாகம், பாருங்கள்.

உங்கள் சபையிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். இந்தக் கதையில் வருகிறவரைச் சபைப் பெண்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிய பிறகு, வசனக்கா.

வசனக்கா காலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள்ளிருந்து வேதப்புத்தகம் வெளியே வரும். கூடவே கோடு போட ஓர் அடிக்குச்சியும் நாலு பேனாக்களும். சிவப்பு சபைப் பெண்களுக்கு. பச்சை அக்கம்பக்கத்துக்கு. கறுப்பு நாத்தனாருக்கு. நீலம் மருமகளுக்கு. ஜெபம் முடிந்து வாசிக்கத் தொடங்கியதும் அக்காவின் முகம் மலரும், புருவம் உயரும், தலை தானாக ஆடும். ஆகா, வசனம் உள்ளே இறங்குகிறது என்று நினைப்பீர்கள். இல்லை, ஆள் கிடைத்துவிட்டது! அடிக்குச்சியை வைத்து வரிக்குக் கீழே கோடு இழுப்பார். ஓரத்தில் தேதி போடுவார். தேதிக்குப் பக்கத்தில் விலாசம் எழுதுவார். நாவு ஒரு நெருப்பு என்று சொல்லும் இடத்தில் ‘எதிர்வீட்டுக்கு’. நகையும் சடையும் அலங்காரமல்ல என்னும் இடத்தில் ‘போதகர் மனைவிக்கு, புது வளையல்’. சோம்பேறியை எறும்பிடம் அனுப்பும் இடத்தில் ‘மருமகளுக்கு, சனிக்கிழமை, எழுந்தது எட்டு மணி’.

மருமகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின மூன்று நாளும் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்துவிட்டு வந்து தூங்கினாள். அது எறும்புக்குத் தெரிந்திருக்கும். அத்தைக்குத் தெரியவில்லை.

கோடு போட்டால் மட்டும் போதுமா? ஊழியம் என்று ஒன்று இருக்கிறதே. ‘விடியல் விளக்குகள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு, ஐம்பத்திரண்டு பெண்கள். ஐந்தே முக்காலுக்கு அன்றைய வசனம் ரோஜாப்பூப் படத்தின் மேல் உட்கார்ந்து அங்கே போய்ச் சேரும். பெயர் இருக்காது. தேவையே இல்லை, ஐம்பத்தொரு பேருக்கும் அது யாருக்கென்று தெரியும். தெரியாத அந்த ஒருத்தியும் ஏழு மணிக்குள் விசாரித்துத் தெரிந்துகொள்வாள். பிறகு கும்பிடும் கைகளும் ‘ஆமென் அக்கா’வும் வரிசையாக வரும். யார் பார்த்துவிட்டும் ஆமென் போடவில்லை என்று அக்கா ஒரு தடவை சரிபார்ப்பார். அவளுக்கு நாளைய வசனம் தயார்.

யாராவது துணிந்து கேட்டால்?

“என்னக்கா, இன்னைக்கு வசனம் எனக்கா?”

“ஐயோ, நான் யாரையும் மனசுல வச்சு அனுப்பலம்மா. கர்த்தர் குடுத்தார், அனுப்பினேன். உனக்குக் குத்துச்சுன்னா நீ அவர்கிட்டதான் கேக்கணும்.”

மருமகள் நாளெல்லாம் ஊசியும் கையுமாக இருக்கிறவள். ஆனாலும் குத்துவதில் அத்தையின் பக்கத்தில் நிற்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு வருஷம் ஆமென் போட்டாள். ஐந்தாம் வருஷம் ஒரு நாள் மகன் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அம்மா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கோம். வர்ற திங்கக்கிழமை போயிடலாம்னு...”

அக்கா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். எப்படிச் சாப்பிடுவார்? முழங்கால் வீங்கினால் தைலம் தேய்க்கிறவள் அவள். வாராவாரம் விரலில் ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்த்து, “அத்தை, இனிப்பு டப்பாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்று சிரிக்கிறவள் அவள். அவள் இல்லாத வீட்டை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. போகாதே. அதை விட்டுவிட்டு அக்கா என்ன செய்தார்? மறுநாள் காலை, மாமியாரை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு போன அந்தப் பழங்காலத்து மருமகளின் கதையை எடுத்து, நீலக் கோடு போட்டு, ஐம்பத்திரண்டு பேருக்கும் அனுப்பினார். மருமகளைத் தவிர எல்லாரும் அழுகிற முகம் போட்டார்கள்.

வீடு மாறுவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மாலை, சபையின் பக்கத்து அறையில் பெண்கள் கூட்டம். மருமகள் கடைசியாக ஒரு தடவை அத்தையோடு வந்திருந்தாள். வளையல் விஷயத்தை இன்னும் மறக்காத போதகர் மனைவி எழுந்து, ரொம்பச் சாந்தமாக ஒரு குண்டைப் போட்டார்.

“இன்னைக்கு நான் பேசப் போறதில்ல. இந்த வருஷம் உங்களை, உங்களை மட்டும், தொட்ட வசனம் ஒண்ணை ஒவ்வொருத்தரும் வாசிக்கணும். அக்காவே ஆரம்பிக்கட்டும்.”

அக்காவுக்கா வசனப் பஞ்சம்! கையைப் பைக்குள் விட்டார். புத்தகம் இருந்தது, கண்ணாடி இல்லை. சாப்பாட்டு மேசையில் அடிக்குச்சிக்குப் பக்கத்தில் கிடந்தது. எப்போதும் வாயில் இருக்கும் வசனங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றோடும் ஒருத்தியின் முகம் வந்து நின்றது. ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். பதற்றத்தில், இந்த ரகத்து மனுஷி எந்தக் காலத்திலும் செய்யக்கூடாத காரியத்தை அக்கா செய்தார். புத்தகத்தை மருமகள் கையில் கொடுத்தார்.

“நான் கோடு போட்ட இடமா பாத்து ஒண்ணு வாசிம்மா.”

கொடுத்த பிறகுதான் உறைத்தது. மருமகள் ஜிப்பைத் திறந்துவிட்டாள். ஒரு பக்கம் புரட்டினாள், நீலம். இன்னொரு பக்கம், நீலம். ‘மருமகளுக்கு, குழம்பில் உப்பு.’ ‘மருமகளுக்கு, போனில் அம்மாவோடு ஒரு மணி நேரம்.’ ‘மருமகளுக்கு, பதில் பேசினாள்.’ நான்கு வருஷமும் தேதி வாரியாக அங்கே இருந்தது. அவள் மட்டும் ஓரத்தை உரக்க வாசித்தால்! வாசித்திருந்தாலும் யார் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியும்?

“என்னம்மா, கிடைக்கலையா?” என்று போதகர் மனைவி கழுத்தை நீட்டினார்.

“கிடைச்சிடுச்சு” என்றாள் மருமகள். புத்தகத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். வாசித்தாள். அன்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தச் சின்ன அதிகாரத்தை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நிறுத்தி நிதானமாக வாசித்தாள். “இதுதான் அத்தைக்குப் பிடிச்ச இடம்” என்று சொல்லிவிட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். ஐம்பது பேரும் ஆமென் சொன்னார்கள்.

இருவரும் வீட்டுக்கு நடந்து தெருமுனைக்கு வந்தார்கள்.

“அந்த ஒரு இடத்துலதான், அத்தை, கோடே இல்ல” என்றாள் மருமகள். பிறகு நின்றாள். “எனக்குப் போகணும்னு ஆசை இல்ல. வசனமா வேண்டாம், உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இருன்னு சொன்னீங்கன்னா இருந்துடறேன்.”

அக்கா “கர்த்தர் நடத்துவார்மா” என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணி. அக்கா மேசையில் உட்கார்ந்து அதே அதிகாரத்தைத் திறந்தார். உண்மையிலேயே அந்தப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. வாசித்தார். பொறுமை, தயவு, பெருமை பேசாமை என்று வரி வரியாக வந்தது. கண் நிறைந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். எத்தனையோ வருஷம் கழித்து முதல் முறையாக ஒரு வசனம் அவர் நெஞ்சையே தொட்டுவிட்டது. மருமகள் பத்தடி தூரத்தில், திறந்த கதவுக்குள்ளே, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து பத்தடி நடந்தால் தீர்ந்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்போது கண் மறுபடி அந்த வரிகளில் விழுந்தது. பொறுமை. அடடா, இந்தப் பொறுமை மட்டும் அவளுக்கு இருந்திருந்தால் வீட்டை விட்டுப் போவாளா?

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நீலப் பேனாவைத் திறந்தார்.

சாமான் ஏற்றிய வண்டியில் ஏறும்போது மருமகளின் போன் மணியடித்தது. ரோஜாப்பூவின் மேல் அன்பைப் பற்றிய வசனம். அவள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அங்கே போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். மருமகள் ஒரு நிமிஷம் நின்றாள், இரண்டு நிமிஷம் நின்றாள். பிறகு ‘ஆமென் அத்தை’ என்று பதில் போட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அக்காவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வசனம் மட்டும் ஐந்தே முக்காலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

நல்லது. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, உங்கள் கண்முன் யார் முகம் வந்தது? மாமியாரா? பெரியம்மாவா? மூன்றாம் வரிசையில் உட்காருகிற அந்தச் சகோதரியா? எறும்பு வந்த இடத்தில் ‘அப்படியே அவங்கதான்’ என்று சிரித்தீர்கள் அல்லவா? இதை அவருக்கு அனுப்பிவைத்தால் நன்றாக உறைக்குமே என்று கை போனைத் தேடியதா? அப்படியானால் உங்கள் பேனா என்ன நிறம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் யாரையும் மனசில் வைத்து எழுதவில்லை.