அனிதாவின் முகம் எந்த வீட்டில் அசையும்?

உத்தமபாளையம்,
21.8.2009

அன்புத் தம்பி ஞானமுத்துவுக்கு,

உன் அக்காள் ஜெயமேரி எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நான், முழங்கால் நீங்கலாக, சுகம். நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இதை ஈமெயிலில் அனுப்பாமல் தபாலில் சேர்ப்பது உன் வீட்டு இன்டர்நெட் லைனை நம்பாததால்.

போன ஞாயிறு லோயர் கேம்பில் உன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உன் மகள் அனிதாவை உட்கார வைத்து மஸ்கட் மாப்பிள்ளைக்கு வீடியோவில் காட்டினாயே, அங்கே அவனுக்குத் தெரிந்தது என்ன தெரியுமா? கண்ணை மூடி வாயைத் திறந்தபடி நின்றுபோன ஒரு முகம். அவன் தாயார் எனக்குப் போன் போட்டு, "ஏங்க டீச்சர், பொண்ணுக்கு உக்காந்துக்கிட்டே தூங்குற பழக்கமா?" என்று கேட்டார். தூங்கியது என் தம்பி வீட்டு லைன் என்றேன். நம்பவில்லை. ஒரு பெண்ணைத் தூங்குமூஞ்சி என்று ஒருதரம் சொல்லிவிட்டால், இராயப்பன்பட்டி முதல் அனுமந்தன்பட்டி வரை எல்லாப் பூசை முடிவிலும் அந்தப் பேச்சுதான். அப்புறம் எவன் வருவான்?

ஆகவே மறுபடி காட்டுவதற்குத் தகுந்த வீட்டைத் தேடி, உன் அத்தானுடைய பெரிய படம் ஒன்றை, என் வீடு உட்பட லைன் உள்ள எல்லா வீட்டுக்கும் ஈமெயிலில் அனுப்பினேன். முட்டை வேகவைக்கக்கூட ஜெபத்தால் நேரம் பார்க்கக் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். படம் முழுதாக வரும்வரை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி எண்ணச் சொன்னேன்; எண்ணிக்கை குறைந்த வீட்டில் லைன் வேகம். உன் அத்தான் உயிரோடு இருந்தபோதும் நேரத்துக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

சின்னமனூரிலிருந்து என் நாத்தனார் ஜெபமணி, "மதினி, ரெண்டாவது ஜெபம் முடியல, அண்ணன் மீசை வரைக்கும் வந்துட்டாக!" என்று கூவினாள். பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் 'அருள்' என்று தொடங்கி 'நிறைந்த' என்பதற்கு வருமுன் பஸ் கம்பம் போய்த் திரும்பிவிடும். நானே ஜெபித்தேன். ஒன்பது! கம்பத்தில் என் பழைய மாணவன் தங்கபாண்டி, "எனக்கு அந்த ஜெபம் தெரியாதுங்க டீச்சர். வாய்ப்பாடு சொல்லிப் பாத்தேன். ஏழாம் வாய்ப்பாடு முடியல, சார் வந்துட்டாக" என்றான். ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்ததில்லை. என் வீட்டில் மூன்றே ஜெபம். நான் ஜெபிக்கும் வேகத்தில் குறை காண மறைமாவட்ட ஆயரே வரவேண்டும்.

எனவே அடுத்த வார ஞாயிறு அனிதாவை இங்கே கூட்டி வா. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை வரைந்துவிடு.

உன் அக்காள்,
ஜெயமேரி

பி.கு.: கவரை ஒட்டுமுன் மஸ்கட்டிலிருந்து பையனே பேசினான். "பொண்ண நேருக்கு நேர் பாக்கக் கூச்சமா இருந்துச்சுங்க அத்தை. அது கண்ண மூடி அசையாம நின்னுச்சா, நிம்மதியா நல்லாப் பாத்துக்கிட்டேன். பிடிச்சிருக்கு. அம்மாட்டயும் சொல்லிட்டேன்" என்றான். மேலே எழுதியதை மறந்துவிடு. நிச்சயம் முடியும்வரை அவன் உன் வீட்டு லைனில்தான் பார்க்கவேண்டும். சரிசெய்ய ஆள் வந்தால் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பு.