கல்யாண வீட்டுக்கு வராத ஆற்றுப்பசு இறைச்சி

டெஃபே நகரில் இருக்கும் என் மூத்த அக்கா டெல்சுயீட்டாவுக்கு, ஏரிக்கரையிலிருந்து தம்பி ஒஸ்மரீனோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி லிண்டால்வாவும் சுகம். ஏரிக்குத்தான் சுகமில்லை, வற்றிக்கொண்டே போகிறது.

உன் மகள் கல்யாணத்துக்கு ஒரு டின் ஆற்றுப்பசு இறைச்சி, அதன் கொழுப்பிலேயே பொரித்துக் கொண்டுவருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். இந்தக் கடற்பசு இனத்தைக் கொல்லத் தடை இருப்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; கல்யாணம் என்றால் இருவருக்கும் மறந்துபோகும். முன்பெல்லாம் தண்ணீர் இறங்கினால் இந்த மடுவில் இருபது மூக்காவது மேலே வந்து மூச்சுவிடும். இந்த வருடம் நான் பார்த்தது ஒரே ஒரு குட்டியை. குட்டியைக் கட்டிவைத்தால் அதன் குரலுக்குத் தாய் வரும், ஈட்டி எறியலாம் என்பது நம் குடும்பத்து வித்தையாயிற்றே. கட்டினேன். இரண்டு நாள் படகில் ஈட்டியோடு உட்கார்ந்திருந்தேன். குட்டி கத்தியது, தாய் வரவில்லை. பசி தாங்காமல் அது என் முழங்கையைச் சப்ப ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள், யாரோ விட்டுப்போன வலையில் சிக்கிச் செத்த தாயைக் கீழ்க்கரையில் பார்த்தேன். செத்தவளையா இது இரண்டு நாளாகக் கூப்பிட்டது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா.

லிண்டால்வா கேட்டாள்: "என்னய்யா, முழங்கையில பாலா சொரக்குது? கல்யாணப் பலகாரத்துக்கு வச்ச பால்மாவு இருக்கு, கரைச்சுக் குடு."

"அக்காவுக்கு என்னடி பதில் சொல்றது?"

"உங்க அக்காவும் புள்ள பெத்தவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

இப்போது நாளுக்கு ஆறு வேளை இடுப்பளவு தண்ணீரில் நின்று புட்டி பிடிக்கிறேன். தாய் வீட்டுக்கு வந்த மகளுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது. பக்கத்துப் படகுக்காரர்கள், "அண்ணே, குட்டிக்கு உங்க ஜாடைதான்" என்கிறார்கள். மீசையைப் பார்த்துச் சொல்கிறார்களாம். பால்மாவு இன்னும் நான்கு நாளைக்குத்தான் வரும், அதற்குள் ஏரியும் சேறாகிவிடும். வியாழக்கிழமை உங்கள் டெஃபே விலங்குக் காப்பகத்துப் படகு வந்து இதைக் கொண்டுபோகிறது. எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது போனதும் பழையபடி ஈட்டியைத் தூக்கி, உன் டின்னைக் கிறிஸ்துமஸுக்குள் அனுப்பிவிடுவேன். கல்யாணத்துக்கு மட்டும் என்னை எதிர்பார்க்காதே, வெறுங்கையோடு வர வெட்கமாக இருக்கிறது.

மணமக்கள் நூறாண்டு வாழ மாதா அருள்புரியட்டும்.

உன் தம்பி,
ஒஸ்மரீனோ

பின்குறிப்பு: படகு வந்துவிட்டது. காப்பகத்துக்காரர்கள் கையால் கொடுத்தபோது குட்டி வாய் திறக்கவில்லை. என் குரல் கேட்டதும் குடித்தது. ஆகவே நானும் ஏறிவிட்டேன், இந்தக் கடிதமும் என்னோடுதான் வருகிறது. இன்னும் இரண்டு வருடம் பால் குடிக்குமாம். உன் வீட்டில் நான் படுத்துக்கொள்ள ஒரு தூளி கட்டி வை. ஈட்டிக் கம்பின் முனையை லிண்டால்வா கழற்றிவிட்டாள், துணி காயப்போட நன்றாக இருக்கிறதாம். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, அக்கா. கல்யாணத்துக்கு ஆற்றுப்பசுவோடுதான் வருகிறேன். பந்தியில் மட்டும் அதைத் தேடாதே.