மூன்று விரற்கடை உயரம்

முரசநாடு என்று ஒரு நாடு. மழை பெய்தாலும் அங்கே முரசு அறைவார்கள், பெய்யாவிட்டாலும் அறைவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் தோணிநாடு. தோணிநாட்டார் கொஞ்சம் வசதியானவர்கள். வசதியானவர்களுக்கு உள்ள புகழாசையும் அவர்களுக்கு உண்டு.

அந்த ஆசைதான் வினையானது. முரசநாட்டுத் தலைநகரில் அமைச்சர்களின் பிள்ளைகள் படிக்கும் பொன்மாடப் பள்ளிக்குத் தோணிநாட்டு அரசு ஒரு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தது. மறு மாதமே அந்தப் பிள்ளைகள் காலை வணக்கத்தில் தோணிநாட்டு ராஜாவைப் புகழ்ந்து பாடினார்கள். நம் பிள்ளையின் வாயில் அடுத்தவன் தன் பெயரைத் திணித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. சட்டம் வந்த அன்று சபையில் இருந்த நானும் கைதட்டினேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

கல்வித் தூய்மை அமைச்சர் நீலமேகனார் சபையில் முழங்கினார்: "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானே அடங்கும்! அயல் அரசின் உதவி எந்த உருவில் இருந்தாலும் முப்பது நாளில் அரசுப் பள்ளிகளிலிருந்து அகற்றப்படும்."

"அகற்றிய இடத்தில் நாம் எதை வைப்போம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது அடுத்த கூட்டத்தொடரில் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அகற்றுவதற்கு மட்டும் அன்றைக்கே ஒரு துறை பிறந்தது. பொன்மாடப் பள்ளியோ கட்டணப் பள்ளி, அரசுப் பள்ளி அல்ல. ஆகவே சட்டம் அதன் வாசற்படியை மிதிக்கவில்லை.

சட்டம் நேராக ஆற்றுமுனைக்குப் போனது. நாட்டின் கடைசி ஊர். அங்கே ஓராசிரியர் பள்ளி, நாற்பத்து மூன்று பிள்ளைகள். எல்லாரும் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டுகிறவர்கள். இருபது பேருக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. வடிவு டீச்சருக்கு அது தலைக்கு மேல் தொங்கிய கத்தி. கூரைக்கு ஓடும், தண்ணீருக்கு அடிபம்பும், மதியச் சோற்றுக்குப் பருப்பும் கேட்டு அரண்மனைக்குப் பதினோரு மனு எழுதினார். பதில் இல்லை. பன்னிரண்டாவது மனுவை அக்கரைக்கு எழுதினார், மூன்றும் வந்தன. பதிலுக்கு அவர்கள் பாட்டு எதுவும் கேட்கவில்லை. சொந்த நாட்டின் பொருள் என்று அந்தப் பள்ளியில் இருந்தது, பூவரச மரத்தில் மணியாகத் தொங்கிய பழைய வண்டிச்சக்கரப் பட்டை ஒன்றுதான்.

ஐப்பசியில் அகற்றல் அதிகாரி தாண்டவராயர் ஆட்களோடு வந்து இறங்கினார்.

"டீச்சரம்மா, ஓடுகளை இறக்கப்போகிறோம்."

"ஐயா, அடமழக் காலம். தை பொறந்ததும் எறக்கிக்கலாமே?"

"மழைக்குச் சட்டம் தெரியாது. சட்டத்துக்கு மழை தெரியக் கூடாது."

ஓடுகள் இறங்கின. பிள்ளைகள் சிலேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். அடுத்த வாரம் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். "குழாய் அயலாருடையது, தண்ணீர் நம்முடையது. தண்ணீரில் நாங்கள் கை வைக்கவே இல்லையே!" என்றார் தாண்டவராயர். பிறகு பருப்பு நின்றது. நாற்பத்து மூன்று, முப்பத்தொன்று ஆனது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் துறை என்று ஒன்று இருந்தால் அதற்கு வேலை வேண்டுமே. கார்த்திகையில் அளவுகோலோடு வந்தார் தாண்டவராயர். மூன்று வருடம் தின்ற பருப்பு எங்கே போயிற்று? பிள்ளைகளின் உடம்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் உயரத்திலும் சராசரியாக மூன்று விரற்கடை தோணிநாட்டு உதவி என்று நிபுணர் குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே பள்ளி எல்லைக்குள் பிள்ளைகள் மூன்று விரற்கடை குனிந்தே இருக்க வேண்டும் என்று ஆணை.

"குனிஞ்சுக்கிட்டே இருந்தா கரும்பலகை எப்படிங்கய்யா தெரியும்?"

"பார்க்கக் கூடாது என்று ஆணையில் இல்லையே. தாராளமாகப் பார்க்கட்டும்."

முதல் நாள் பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் ராக்கம்மா வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். கூரை இல்லாதப்பவும் அனுப்புனேன், சோறு இல்லாதப்பவும் அனுப்புனேன். இப்ப வீட்லயும் குனிஞ்சே நிக்குது எம்புள்ள. அக்கரைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறாங்களாம், தோணியும் விடுறாங்களாம்."

"அங்க தெனமும் அவங்க ராஜா பாட்டப் பாடச் சொல்வாங்களே, ராக்கம்மா?"

"பாடட்டும் டீச்சர். நிமிந்து நின்னு பாடட்டும்."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டோம், எலி அக்கரையில் சௌக்கியமாக இருந்தது.

பொங்கல் கழிந்தபோது பள்ளியில் ஒரு பிள்ளையும் இல்லை. மூட வருகிறார்கள் என்றுதான் டீச்சர் நினைத்தார். வந்த தாண்டவராயர் சுற்றிப் பார்த்தார். ஓடு இல்லை, பம்பு இல்லை, பருப்பு இல்லை, பருப்புத் தின்ற பிள்ளையும் இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"நாட்டிலேயே தூய்மையான பள்ளி இதுதான், டீச்சரம்மா! விருதுக்கு எழுதுகிறேன்."

"மூடிருவீங்களாய்யா?"

"விருது பெற்ற பள்ளியை யாராவது மூடுவார்களா?"

அப்போது மணி ஒன்பது. பழக்கம் விடவில்லை, டீச்சர் எழுந்துபோய் வண்டிப்பட்டையை அடித்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று வரிசையில் நின்றார்கள். இந்த மணிக்குத்தான் அவர்களுடைய கால் பழகியிருந்தது. தாண்டவராயர் அதையும் குறித்துக்கொண்டார்.

பத்தே நாளில் முரசு அறைந்தார்கள். நீலமேகனார் சபையில் எழுந்து அறிவித்தார்: "நேற்றுவரை அயலாரிடம் கையேந்திய நாடு, இன்று அயல்நாட்டுப் பள்ளிக்கே மணி அடித்து உதவும் நாடாக உயர்ந்துவிட்டது!" சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் தட்டவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் காலையிலும் வடிவு டீச்சர் மணி அடித்தார். காற்று இந்தப் பக்கம் வீசியது. தோணிநாட்டு ராஜாவின் புகழ் ஒரு சொல் விடாமல் கேட்டது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, அவர் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு. பாடுகிற பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து நின்றிருந்தார்கள். டீச்சர் கூரையில்லாத வகுப்பில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். நாற்பத்து மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, எதிரே 'இல்லை' என்று எழுதினார்.