மவுத்துப் புத்தகமும் மூன்று ஸ்கேனர்களும்

“பாய், இதுல கவுத்துப் போட்டு மூடியை அமுக்குனாத்தான் எழுத்து விழும்” என்றார் ஸ்கேனர் கடைக்காரர் பாண்டிராஜ்.

“அமுக்குனா புஸ்தகம் போயிருமே!” என்றார் சிஹாபுதீன்.

முப்பது வருடமாகப் பள்ளிவாசல் கபர்ஸ்தானின் மவுத்துப் புத்தகத்தை எழுதியவர் அவர். இறந்தது யார், எந்த வரிசை, எத்தனையாவது குழி எல்லாம் அதில் உண்டு. அடித்தல் திருத்தல் மட்டும் கிடையாது. போன மாதம் கருவேலம் புதரை அழிக்க வந்த ஜேசிபி, கபர்களின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கற்களையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டது. இப்போது அது மொட்டைத் தரை. மனைவி அஜ்மல் பீவி எங்கே கிடக்கிறாள் என்றே தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்து இடம்தான் தனக்கு என்று ஜமாஅத்தில் சொல்லிவைத்திருந்தார் மனுஷன். எதற்குப் பக்கம்?

குழி எண்ணெல்லாம் புத்தகத்தின் உள்மடிப்போரம் இருந்தது. மை மங்கல். தாளோ அப்பளம், விரித்தால் நொறுங்கும். நல்ல ஸ்கேனராகப் பார்த்து வரச்சொல்லி ஜமாஅத் அவரையே அனுப்பியது.

பாண்டிராஜ் அமுக்கினார். சடக்! புத்தகத்தின் முதுகு ஒடிந்தது. படத்தில் மடிப்போரம் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.

“அதான் ஒடிஞ்சிருச்சே பாய். பைண்டிங்கை வெட்டிட்டா, தாளை இழுக்கிற மிசின்ல படபடன்னு போட்டிரலாம்.”

நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று சிஹாபுதீன் தலையாட்டித் தொலைத்தார். வெட்டினார்கள். மிஷின் முதல் தாளை வாங்கி, மென்று துப்பியது.

“யா அல்லாஹ்! நிப்பாட்டுங்க! யாரு அது?”

“காதர் மைதீன்னு இருக்கு பாய்.”

“பாவம், உசுரோட இருக்கப்பவும் அவருக்கு நிம்மதி இல்ல.”

மூன்றாவது, மேலே கேமரா தொங்கும் ஸ்கேனர். தாளைத் தொடவே வேண்டியதில்லை.

“இத மொதல்லயே காட்டியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலையே பாய்!”

பாய்க்கு வேர்க்கிறதே என்று பாண்டிராஜ் ஃபேனைப் போட்டார். அவ்வளவுதான், அத்தனை மவுத்தும் தாள் தாளாக எழுந்து வாசலுக்குப் பறந்தது. எழுபத்திரண்டு வயதில், டவுன்ஹால் ரோட்டில், ஆட்டோக்களுக்கு நடுவே தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார் சிஹாபுதீன். அழுகையே வந்துவிட்டது.

அஜ்மல் பீவியின் தாள் கடைசியாகத்தான் அகப்பட்டது. கேமராவுக்கு அடியில் வைத்ததும், திரையில் அவருடைய கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. வரிசை ஆறு, குழி பதினொன்று.

“கெடச்சுட்டா!” என்று பாண்டிராஜின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

நேரே கபர்ஸ்தானுக்குப் போனார். அத்தனை வருடமும் அங்கே குழி வெட்டிய பிச்சை ராவுத்தர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பிச்சை, வரிசை ஆறு, குழி பதினொன்னு. நீ சொல்லி நா எழுதுனதுதான். எங்கன்னு காட்டுப்பா.”

பிச்சை மொட்டைத் தரையைப் பார்த்தார். சிஹாபுதீனைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“நா எங்கண்ணே எண்ணுனேன்? நம்பர் சொல்லாட்டி நீங்க புக்க மூடமாட்டீகளேன்னு வாய்க்கு வந்ததச் சொல்லுவேன்.”