விட்டுப்போன பதினைந்து படிகள்

நான் எழுதிய நிரல்களிலேயே மிக வேகமானது என் நைனாவைக் காவடி எடுத்த அன்று படியில் உட்கார வைத்தது. (இன்னும் கொஞ்சம் ஏறினால் கோயில். அதுதான் வயிற்றெரிச்சல்.)

அப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு தரவுத்தள எஞ்சின் பெரிய பெரிய அட்டவணைகளை வாசிக்கும் பகுதி என் பொறுப்பு. அவற்றில் பெரும்பாலான கட்டங்கள் காலி. எஞ்சினோ சமர்த்துப் பிள்ளையாக ஒவ்வொரு காலிக் கட்டத்தையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கட்டங்களை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒரு தொகுதியில் ஒன்றுமே இல்லையென்றால் அப்படியே தாண்டிப் போகச் சொன்னேன். வேகம் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே தரவு இருந்தது. நைனாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்தே தீருவேன் என்று அடம். அம்மா ஒரே நிபந்தனை போட்டாள்.

"ஒரு வாரம் எங்கியும் உக்காராம மலை ஏறட்டும். அப்புறம் எடுக்கட்டும்."

அதற்காகப் பல வாரங்கள் முன்பே தொடங்கி, தினமும் காலையில் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறினார். எந்தப் படியில் உட்கார்ந்தாரோ அந்த எண்ணை அவரே போனில் போட்டுவிடுவார். நாளுக்கு ஒரு வரிசை, படிக்கு ஒரு கட்டம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் காலி. எனக்கென்றே செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் அம்மாவைக் கூப்பிட்டு, கடைசி வாரம் நைனா எத்தனை முறை உட்கார்ந்தார் என்று எஞ்சினைக் கேட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில்: பூஜ்யம்.

"நெஜமாவா?" அம்மா நைனாவைப் பார்த்தாள்.

நைனா திரையைப் பார்த்தார். "ஆங்," என்றார்.

மறுநாள் சரவணப்பொய்கையில் குளித்து, காவடியைத் தோளில் ஏற்றிக் கிளம்பினார். நான் குளிக்காமல், ஜீன்ஸ் பேண்ட்டோடு, பின்னால் வீடியோ எடுத்துக்கொண்டே போனேன். முந்நூற்று ஐம்பத்திரண்டாவது படியில் அவர் கால் நடுங்கியது.

"டேய், புடிடா!"

காவடியைக் கீழே வைக்கக் கூடாது. பாய்ந்து வாங்கித் தோளில் போட்டேன். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்து அரோகரா போட்டார்கள்.

"இன்னா நைனா, ஒரு வாரமா உக்காரவே இல்லியே நீ?"

"தெனமும் இங்கதான்டா உக்காந்துகினு இருந்தேன். போன்ல கூடப் போட்டேனே."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"கம்ப்யூட்டரே உக்காரலன்னு சொல்லுது. நீ வேற அவ்ளோ சந்தோசமா இருந்தே. எனக்கும் காவடி எடுக்கணும்னு ஆசை. அதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்நூற்று அறுபத்தைந்தில் ஏழு ஐம்பதுகள் போக மிச்சம் பதினைந்து. அந்த அரைகுறைத் தொகுதியை என் நிரல் வாசிக்கவே இல்லை. கால் தேறத் தேற, அவர் உட்காரும் படியும் வாராவாரம் மேலே போயிருக்கிறது. கடைசி வாரம் அது என் எஞ்சினின் கண்ணுக்கு எட்டாத பதினைந்து படிக்குள் நுழைந்துவிட்டது. போனை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மீதிப் படிகளை என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காவடி என் தோளிலேயே இருந்தது.

நிரலை ஒரே வரியில் சரிசெய்தேன். வீட்டில் சரியாகவில்லை. எந்த வேலையை முடித்ததாகச் சொன்னாலும் அம்மா, "அந்தப் பதினஞ்சு படி?" என்பாள்.

ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் நைனா காவடி எடுக்கிறார். முந்நூற்று ஐம்பதாவது படி வந்ததும் நின்று, "டேய், உன் படி வந்துடுச்சு," என்று என்னிடம் தோள் மாற்றுவார். இப்போதெல்லாம் நான் குளித்துவிட்டுத்தான் போகிறேன்.