மன்னரின் குதிரைக்கு வியர்க்கிறது

காலை ஐந்து நாற்பதுக்குக் குதிரைக்கு வியர்க்கும். வெண்கலக் குதிரை. நேரம் தவறாது. நகரத்துப் பேருந்துகள் அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.

மேலே பழைய மன்னர், வாளை நீட்டியபடி. உயிரோடு இருந்தவரை குதிரையைக் கண்டால் பத்தடி தள்ளி நின்றவர். குதிரையும் அவருக்காகச் செய்ததல்ல. வேறு ஊர்த் தளபதிக்காக வார்த்தது; அவர் வேண்டாமென்றதால் மலிவாகக் கிடைத்தது. மன்னரைத் தனியாக வார்த்து மேலே முடுக்கினார்கள். மன்னராட்சி போனதும் வாளை அறுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். எல்லாம் நகராட்சிக் கோப்பில் இருக்கிறது. கோப்பை யார் படிக்கிறார்கள்?

குதிரைக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் சொன்னதைத்தான் கேட்டார்கள்.

"மக்களுக்காக மன்னர் இன்னும் ஓடிக்கிட்டே இருக்காரு. அதான் குதிரைக்கு வேர்க்குது."

தினமும் விடியலில் அவர் ஏணியில் ஏறி, இரண்டு வாளித் தண்ணீரால் மன்னரைக் குளிப்பாட்டுவார். இறங்கியதும் குதிரையின் வயிற்றில் முத்து முத்தாகத் துளிர்க்கும். குப்பியில் பிடித்து விற்பார். முட்டி வலி, தூக்கமின்மை, கண் நோய், எல்லாவற்றுக்கும் ஒரே சரக்கு.

வரிசையில் பிட்டரின் மனைவியும் நின்றாள். நகராட்சிச் சிலைகளைப் பராமரிக்கும் பிட்டர். அந்தக் குதிரையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே நகராட்சி ஆள். அவர் வீட்டு அலமாரியிலேயே மூன்று குப்பி வியர்வை. அவளுக்குக் கண்ணில் அழுத்தம், சொட்டு மருந்தை நிறுத்தினால் போகிற பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் நிறுத்தி இருபது நாளாயிற்று.

"அது வெறும் தண்ணிடி."

"தண்ணின்னா எங்கேருந்து வருது? சொல்லுங்களேன்."

சொல்ல முடியவில்லை. தெரியாமல் அல்ல. சேணத்துக்குப் பின்னால் தட்டளவு ஒரு மூடி உண்டு. கீழிருந்து தெரியாது. மழைக்காலத்துக்கு முன் அதைக் கழற்றிச் சோதித்த பிட்டர், டீ வந்துவிட்டது என்று அதை மாட்டாமலே இறங்கினார். டீ நன்றாக இருந்தது. மறுபடி ஏறவில்லை. பதிவேட்டில் மட்டும் 'மூடி சரியாக உள்ளது' என்று அழகாகக் கையெழுத்திட்டார். மழைநீர் உள்ளே இறங்கி வயிற்று ஒட்டு வழியே கசிந்தது. அதை முதலில் பார்த்தவர் குதிரைக்காரர். மழை நின்றதும் வாளி வந்தது. ஆக, அற்புதத்தில் பாதி பிட்டருடையது. வெளியே சொன்னால் வேலை போகும்.

அன்று மாலை மனைவி காப்பி டம்ளரை மேசைக்கு அரை அடி தள்ளி வைத்தாள். கீழே விழுந்தது.

"வெளிச்சம் பத்தல," என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் கூட்டம் சேருமுன் பிட்டர் ஏறி மூடியை முடுக்கினார்.

ஐந்தரைக்குக் குதிரைக்காரர் ஏறினார். மன்னரின் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் தடவினார். பிறகு இரண்டு வாளியையும் தண்ணீர் குறையாமல் அப்படியே இறக்கிக்கொண்டு வந்தார். மூடியது யார் என்று கேட்கவும் முடியாது, பாவம். ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. குதிரையின் வயிறு காய்ந்து கிடந்தது.

"கூட்டத்துல ஒரு பாவி நிக்கிறான். அதான் குதிரை கோவிச்சுக்கிச்சு."

"நான்தாங்க அது," என்றார் பிட்டர்.

கூட்டம் விலகி வழிவிட்டது. பாவிக்கு வழிவிடுவதில் அந்த நகரம் தாராளம். வாளியும் ஸ்பேனருமாக ஏறி, மூடியைக் கழற்றி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். தண்ணீரை உள்ளே ஊற்றினார். மன்னர் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. குதிரைக்கு வியர்த்தது. குதிரைக்காரருக்கும் வியர்த்தது. அவர் மன்னரைவிட வேகமாக ஓடினார்.

"தினமும் ரெண்டு வாளி மேல போச்சு. தரை ஏன் நனையலன்னு ஒருத்தராவது யோசிச்சோமா?" என்று பிட்டர் மேலிருந்து கேட்டார். குரல் கம்பீரமாகவே வந்தது.

கீழே மனைவி முகத்தை நிமிர்த்தினாள். அவரைப் பார்ப்பதாக எண்ணி, மன்னரைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்பத்தாங்க யோசிக்கிறேன். மொதல்ல அந்த மூடியைத் தொறந்து போட்டது யாரு?"