ஆக்சிஜனுக்கு ரேட் ஏறியது

உலகக் கல்வி வரலாற்றில் ஒரு புதிய யுகம், உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் தொடங்கியது. தொடங்கி வைத்தவன் அடியேன்தான். தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

கண்டுபிடிப்பின் பெயர் 'மூலக்கூறு மகுடம்'. தனிமங்களின் பெயர் எழுதிய சீட்டுகளை மாணவர்களுக்குப் பங்கிடுவேன். அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு மூலக்கூறுகளை அமைக்க வேண்டும். சாக்பீஸ் என்கிற கற்காலக் கருவியை நான் தொட்டு மூன்று வருடமாகிறது.

இந்த ஆண்டு வகுப்பில் பாதிப் பேர் ஏலக்காய் வியாபாரிகளின் பிள்ளைகள். பத்தே நிமிடத்தில் தௌபீக் ஆக்சிஜன் சீட்டு அத்தனையையும் வளைத்துவிட்டான்.

"ஒண்ணக் குடுப்பா, பாஜிலா தண்ணி செய்யட்டும்."

"இப்ப ரேட்டு எறங்கிக் கெடக்கு சார். பொறுத்துத்தான் விடணும்னு அத்தா சொல்லுவாக."

பாஜிலா கவலைப்படவில்லை. தன் ஹைட்ரஜன் சீட்டுகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். இதை நான் கருத்தரங்குக்கான அறிக்கையில் 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று பதிவு செய்தேன்.

கிருபாவதி மட்டும் சீட்டைத் தொடவில்லை. சமநிலைக் கணக்குத் தாளில் இரண்டு முறை அரியர் வைத்தவள். இந்த முறை தேறினால் தேனியில் ஓர் ஆய்வகத்தில் வேலை உறுதி.

"சார், இந்த ஒரு கணக்க மட்டும் போர்டுல போட்டுக் காட்டுங்க. புடிச்சுக்கிருவேன்."

"கற்றல் என்பது ஒரு கொண்டாட்டம் அம்மா. சீட்டை எடு."

"போன தடவையும் இதத்தான் சொன்னீக சார்."

மதுரைக் கருத்தரங்கில் எனக்குப் 'புதுமை ஆசிரியர்' விருது கொடுத்தார்கள். சால்வை நல்ல கனம். அதே வாரம் தேர்வு முடிவு வந்தது. தௌபீக் தேறிவிட்டான், கம்பத்தில் டியூஷன் போனானாம். கிருபாவதி நான்கு மதிப்பெண்ணில் தவறினாள்.

மறுநாள் துறைக்கு வந்தாள். கையில் அதே கணக்கு.

"வேல வேற ஆளுக்குப் போயிருச்சு சார். இப்பவாச்சும் போட்டுக் காட்டுறீகளா?"

மறுக்க முடியவில்லை. சாக்பீஸை எடுத்துக் கேள்வியைப் போர்டில் அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். மூன்றாவது வரியில் கை நின்றது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பும், அறுபது மாணவர்கள் பார்த்திருக்க, இதே வரியில்தான் நின்றேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அட்டையும் கத்தரிக்கோலும் வாங்கி, 'மூலக்கூறு மகுட'த்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.